வெந்நீர்ச் சம்பந்தம்

ஆனைக்குழிப்பாளையத்தில் ஒரு காரின் த்ராட்டிலுக்குப் போகும் வெந்நீர்க் குழாயைக் கழற்றினால், கழன்ற இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்க்க மாட்டார்கள். இரண்டும் ஒரே எஞ்சினில் பிறந்தவை. கூடப் பிறந்தவற்றைச் சேர்த்துவைப்பது எந்த ஊரிலும் வழக்கமில்லை. ஆகவே வேறொரு காரைப் பார்த்து, அதன் முனைகளோடு இதன் முனைகளைச் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு இரண்டு கார்களுக்கும் ஒரே வெந்நீர்தான்.

குழாயை எதற்குக் கழற்ற வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. த்ராட்டில் என்பது எஞ்சின் மூச்சிழுக்கும் வாய். காரை வரைந்தவர்கள் பனி கொட்டும் நாட்டுக்காரர்கள். குளிரில் அந்த வாயில் ஐஸ் கட்டிக்கொள்ளுமே என்று பயந்து, எஞ்சினைச் சுற்றி ஓடும் சூடான கூலண்டில் கொஞ்சத்தை விரல் தடிமனுள்ள குழாயில் பிரித்துக் கொண்டுவந்து வாயைச் சுற்றி ஓடவிட்டார்கள். ஒரு குழாய் போவதற்கு, ஒரு குழாய் வருவதற்கு. நல்ல மனசுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆனைக்குழிப்பாளையம் மார்கழியிலேயே ஃபேன் போட்டுப் படுக்கிற ஊர். சித்திரையில் அனலாக வருகிற காற்றை இன்னும் கொஞ்சம் சூடாக்கி ஊட்டினால் எந்த வண்டியும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளத்தான் செய்யும். அதனால் வாங்கிய ஐந்தாம் வருஷம் குழாயைக் கழற்றிவிடுவார்கள். காருக்கு ஐந்து வருஷம் என்பது தகுந்த வயது.

பொருத்தம் பார்ப்பது மெக்கானிக் சென்னிமலை. ஒரே கம்பெனி வண்டிகள் பங்காளிகள், அவற்றுக்குள் பேச்சே கிடையாது. எஞ்சின் நம்பரின் கடைசி நான்கு இலக்கங்களைக் கூட்டி, டயரில் எழுதியிருப்பதைக் கழித்து, சென்னிமலை ஒரு முடிவு சொல்வார். இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டால் ஒரு வளர்பிறை வெள்ளிக்கிழமை பட்டறையில் இரண்டு கார்களையும் மூக்கோடு மூக்கு நிறுத்துவார்கள். மாவிலை கட்டிய கேனில் புதுக் கூலண்ட் வரும். பச்சையா சிவப்பா என்பதை முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும், அதில் மட்டும் பிறகு மனத்தாங்கல் வந்துவிடுகிறது. பித்தளைத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து முனைகளைச் செருகி, கிளாம்ப் வளையத்தை மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் மூன்று திருகு திருகுவார்கள். முதல் இரண்டும் மெக்கானிக் திருகுவது. மூன்றாவதை வண்டிக்காரரின் கூடப் பிறந்தவள் திருக வேண்டும்.

அதன்பின் கார்கள் அவரவர் ஊருக்குப் போய்விடும். பானெட்டைத் திறந்தால் குழாய் ஒரு சாண் தூரம் போய் பேட்டரிக்குக் கீழே மறைவது தெரியும். அதற்கப்பால் அது எப்படி நாற்பது கிலோமீட்டர் போகிறது என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை. சேர்த்துவைத்த வண்டிக்குள் குனிந்து பார்ப்பது மரியாதையல்ல.

வசந்தாமணி டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தாள். ஸ்கூல் என்றால் ஒரு வெள்ளைக் கார், ஒரு பலகை, நாற்பத்தெட்டு வயது வசந்தாமணி, அவ்வளவுதான். பெண்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தாள். அந்த வெள்ளைக் காரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ராசிபுரம் கைலாசத்தின் சாம்பல் நிறக் காரோடு சேர்த்திருந்தார்கள். கைலாசம் சர்வேயர். புதன்கிழமை தோறும் நிலம் அளக்கக் கொல்லிமலைக்குப் போவார். அன்றைக்குப் பத்து மணிக்கெல்லாம் வசந்தாமணியின் வண்டியில் சூட்டு முள் மெல்ல ஏறும்.

"வண்டியை ஓரங்கட்டுங்க அம்மணி. அவிய மலை ஏறறாங்க," என்பாள்.

மாணவி புளியமரத்தடியில் நிறுத்துவாள். கொண்டை ஊசி வளைவு எழுபதையும் அவர் ஏறி முடிக்கிற வரைக்கும் இருவரும் இறங்கி நின்று மோர் குடிப்பார்கள். பிறகு முள் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கைலாசம் வண்டியை எடுப்பதில்லை. அன்று வசந்தாமணி எடுத்தால், ராசிபுரத்தில் நிழலில் நிற்கிற சாம்பல் கார் காரணமில்லாமல் சூடாகும். கைலாசத்தின் மனைவி அதன் பானெட்டில் இட்லி மாவுப் பாத்திரத்தை வைத்துவிடுவார், சீக்கிரம் புளித்துவிடுமாம். தீபாவளிக்கு இரண்டு வீட்டாரும் ஒரு போன் பேசிக்கொள்வார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் மனஸ்தாபம் வந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் முள் கீழே விழுந்து படுத்துக்கொண்டது. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவள் பூங்கோதை, அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். நோயாளியின் காய்ச்சலைப் பார்க்கிறவள் என்பதால் அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, முள்ளு ஜீரோவுல இருக்குதுங்க."

வசந்தாமணி இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். கூலண்ட் டப்பா காலி. ஒழுகிய தடம் எங்கும் இல்லை, தரை காய்ந்து கிடந்தது. இவளுடைய தண்ணீர் போயிருந்தது, அங்கிருந்து திரும்பி வரவில்லை. டிக்கியிலிருந்த கேனை எடுத்து இரண்டு லிட்டர் ஊற்றினாள். வண்டியை எடுத்து வீடு வருவதற்குள் அதுவும் போய்விட்டது. மறுநாள் காலை மூன்று லிட்டர் ஊற்றினாள். மத்தியானம் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் பழைய இரும்பு வியாபாரி, கைலாசத்திடம் நம்பர் வாங்கியிருந்தார்.

"அக்கா, நம்ம யார்டுல ஒரு வண்டியை நசுக்கிக் கட்டியா வெச்சிருக்கறனுங்க. ரெண்டு நாளா பச்சைத் தண்ணி ஊறிட்டே இருக்குது. நீங்க ஊத்தறீங்களாமா?"

"ஆமாங்க."

"நிறுத்திக்கங்க அக்கா. பக்கத்துக் கட்டியெல்லாம் துருப்பிடிக்குது."

வசந்தாமணி சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். கேனை மூடி போட்டு இறுக்கி, பழைய இடத்தில் வைத்தாள். அன்று முழுக்க அவள் வண்டியை எடுக்கவில்லை.

சாயங்காலம் கைலாசம் பஸ்ஸில் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும், கர்சீப்பில் சுற்றிய, தன் பழைய வண்டியின் கிளாம்பும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் தட்டத்தில் வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பேட்டரி வண்டி ஒண்ணு எடுத்துட்டனுங்க. அதுக்கு மூச்சே கிடையாது. வாயும் இல்லை, குழாயும் இல்லை. பழசை வெச்சிருக்க எடமில்லாம போச்சு."

"என்னைக்குக் கொண்டுபோனீங்க?"

"நேத்துக் காலைல. பத்தரை இருக்கும்."

"நசுக்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணினீங்களா?"

"பண்ணினனுங்க. நான்தான் பண்ணினேன்." வாழைப்பழச் சீப்பைத் தட்டத்தில் நகர்த்தி வைத்து, "முந்தியே சொல்லியிருக்கோணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க," என்றார்.

வசந்தாமணி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் ஆஃப் பண்ணிவிட்டுத்தான் கொடுத்தார் என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவர் போகும்போது வெள்ளைக் காரின் பக்கம் பார்க்காமல் போனார்.

செய்தி ஊருக்குள் பரவ ஒரு பொழுது கூட ஆகவில்லை. மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலிகளைக் காரைச் சுற்றிப் போட்டார்கள். வந்தவர்கள் காரின் முன்பக்கத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்து, டீ குடித்து, எழுந்து போனார்கள்.

"நல்ல வண்டிங்க. ஒரு நாளும் ரோட்டுல நின்னதில்லை," என்றார் ஒருவர்.

"கதவு சாத்தற சத்தமே தனி," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பதினாலு வயசெல்லாம் ஒரு வயசா," என்றார் மூன்றாமவர்.

இப்படித் தனித்துப்போன காருக்கு ஆனைக்குழிப்பாளையத்தில் ஒரு முறை உண்டு. பதினாறாம் நாள் ஹாரனைக் கழற்றுவார்கள். பேட்டரியை எடுத்துவிடுவார்கள். இரண்டு குழாய் முனைகளிலும் ஒவ்வொரு போல்ட்டைச் செருகி அடைப்பார்கள். பிறகு தள்ளிக்கொண்டு போய் மேல்நிலைப் பள்ளியின் மேற்குச் சுவரோரம், முகம் சுவரைப் பார்த்தபடி, செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே பதினோரு கார்கள் அங்கே இருந்தன. யாரும் அவற்றைக் கல்லால் அடிப்பதில்லை, கண்ணாடியை உடைப்பதில்லை. பக்கத்து வீடுகளில் வடகம் காயவைக்கத் தோதாக இருக்கிறது என்று எல்லாருக்கும் அவற்றின் மேல் பிரியம்தான். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் விடுவார்கள்.

லாரிகளுக்கு இந்த முறை கிடையாது. லாரிக்கு மூன்றாம் நாளே வேறு பார்த்துவிடுவார்கள், லோடு நிற்கக் கூடாது.

ஐந்தாம் நாள் வாகன உரிமையாளர் சங்கத் தலைவர் நாச்சிமுத்து வந்தார். பெரிய மனிதர், மூன்று லாரிக்குச் சொந்தக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"பதினாறாம் நாள் புதன்கிழமை வருதுங்க அம்மணி. காலைல எட்டு மணிக்கு மேல வெச்சுக்கலாம். செங்கல் சங்கத்துல இருந்தே குடுத்துருவோம்."

"வியாழக்கிழமை என் புள்ளைங்க அஞ்சு பேருக்கு டெஸ்டுங்க மாமா," என்றாள் வசந்தாமணி. பிள்ளைகள் என்று அவள் சொல்வது மாணவிகளை. அதில் ஒருத்திக்கு ஐம்பத்திரண்டு வயது.

"அதுக்கென்ன. திருச்செங்கோட்டுல வேற ஸ்கூல் இருக்குது, அங்க மாத்திவிட்டுருங்க. உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணுமல்ல."

"போன மாசி மாசம் உங்க லாரிக்கு இப்படி ஆச்சல்லங்க."

"ஆமா."

"மூணாம் நாளு சேர்த்துட்டீங்க."

"அது லாரி," என்றார் நாச்சிமுத்து. அதற்கு மேல் விளக்க வேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவில்லை. டீயை முழுவதும் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

வசந்தாமணிக்கு அந்தச் சுவர் தெரியும். முப்பத்துநான்கு வயதில் கணவர் ரங்கசாமி இறந்தபோது அவளையும் யாரும் ஏசவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அன்பாக ஒரு நாற்காலியை உள்ளறைச் சுவரோரம் போட்டுக் கொடுத்தார்கள். கல்யாண வீடுகளுக்குப் போனால் வந்ததே போதும் என்று அன்பாகப் பின்பக்கமாக அனுப்பிவைத்தார்கள். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், பூண்டு உரிக்க, பருப்பு புடைக்க. ஏழு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு நாள் எழுந்து போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கோபம் வந்ததில்லை. இப்போது வந்தது. பதினான்கு வருஷம் வராமலிருந்த கோபம், நாச்சிமுத்து கவிழ்த்து வைத்த தம்ளரைக் கழுவும்போது மொத்தமாக வந்து, அவள் குழாயடியிலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கார் போனால் ஸ்கூல் போனது. வேறொரு கார் வாங்க அவளுக்கு வக்கு இல்லை என்பது ஒரு பக்கம். அது சுவரைப் பார்த்துக்கொண்டு வடகம் சுமந்து நிற்பதை ஒவ்வொரு நாளும் தாண்டிப் போக அவளால் முடியாது என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரியது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை, பதினைந்தாம் நாள் காலை, ஐந்து மாணவிகளையும் வரச்சொன்னாள். வந்தார்கள். கூலண்ட் இல்லாத வண்டியை ஸ்டார்ட் பண்ண முடியாது. வசந்தாமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, ஐந்து பேரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நாள் முன்னாடியே சுவருக்குக் கொண்டுபோகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பள்ளிக்கூடத் திருப்பம் வந்தபோது வண்டி திரும்பாமல் நேராகப் பட்டறைக்குப் போனது. நின்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

சென்னிமலை ஒரு ஜீப்பின் அடியில் படுத்திருந்தார். வெளியே வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"போல்ட் நாளைக்குத்தானுங்களே."

"போல்ட் வேண்டாமுங்க. இந்த ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துக் குடுங்க."

சென்னிமலை துடைப்பதை நிறுத்தினார். நானூறு வண்டிக்கு மேல் சேர்த்துவைத்த கை அது. ஜீப்பின் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார், அதன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பது போல.

"அதெப்படிங்க. கூடப் பொறந்த முனைங்க."

"கூடப் பொறந்ததுங்க கடைசி வரைக்கும் ஒரே வீட்ல இருக்கறதில்லீங்களா? ஒண்ணையொண்ணு பார்த்துக்கறதில்லீங்களா? எல்லாச் சேர்க்கையும் கல்யாணந்தானுங்களா?"

சென்னிமலை அதை யோசித்தார். அவருடைய அக்காவும் அண்ணனும் குமாரபாளையத்தில் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், இருவருமே கட்டிக்கொள்ளவில்லை. அவருக்குத் தொழில் சம்பந்தமான சந்தேகம்தான் மிச்சமிருந்தது.

"தண்ணிக்குத் தலை சுத்துமுங்க. எஞ்சின்ல இருந்து வந்து, உடனே திரும்பி எஞ்சினுக்கே போனா, எங்க இருக்கறோம்னு அதுக்குத் தெரியாம போயிரும்."

"இத்தனை நாளும் சுத்தித்தானுங்க வந்துது. கொஞ்சம் தூரமாச் சுத்துச்சு, அவ்வளவுதான்."

"சங்கத்துல கேட்டா?"

"நான் சொல்லிக்கறேன்."

அவர் பானெட்டைத் திறந்தார். மரியாதைக்காக முதலில் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவி, பேட்டரிக்குக் கீழே குழாயைத் தேடினார். ராசிபுரத்துக்குப் போன இரண்டு குழாய்களும் தண்ணீர் நின்ற பிறகு ஒரு சாண் நீளத்தில் அறுந்து தொங்கின. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டை எடுத்து ஊதிப் பார்த்தார். ஒரு முனையை அதில் செருகினார். மறு முனை எட்டவில்லை. கொஞ்சம் இழுத்தார், அது வரவில்லை.

"பாருங்க, அதுகளுக்கே இஷ்டமில்லை," என்றார்.

பூங்கோதை எட்டிப் பார்த்தாள். நரம்பு கிடைக்காத கைகளில் ஊசி போட்டுப் பழகியவள். "ஏர் ஃபில்டர் பைப்புக்கு அந்தப் பக்கமா வளைச்சுக் கொண்டுவாங்கண்ணா. நேரா வந்தா பத்தாது," என்றாள்.

அந்தப் பக்கமாக வளைத்தார். எட்டியது. கிளாம்பை மாட்டி ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு திருகு திருகினார். இரண்டாவதும் திருகினார். பிறகு நிமிர்ந்துகொண்டார்.

"மூணாவது யாரு? உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாருமில்லையே."

"எனக்குக் கூடப் பொறந்தவ நாந்தானுங்க," என்று சொல்லி வசந்தாமணி கையை நீட்டினாள்.

ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். அவள் திருகினாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது திருகைக் கைலாசத்தின் தங்கை திருகினாள், வசந்தாமணியை அன்று கிட்டத்தில் நிற்கவிடவில்லை, ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். திருகு இவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து முழுச் சுற்று வருகிற வரைக்கும் விடவில்லை.

நாலரை லிட்டர் கூலண்ட் ஊற்றினார்கள். சென்னிமலை ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறியது. ஐந்து பெண்களும் சாம்பிராணி போட்ட இடத்தில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

முள் எழுந்தது. கால்வாசிக்கு வந்தது, பாதிக்கு வந்தது, பாதியைத் தாண்டியது.

"தலை சுத்துதுங்க," என்றார் சென்னிமலை.

"இருங்க."

முக்காலுக்கு வந்தது. வசந்தாமணி ஜன்னல் வழியாக முள்ளை நோக்கிக் குனிந்தாள். இது சூடாகித் தொலைந்தால் எஞ்சினே போய்விடும், அப்புறம் சுவருக்குக்கூட லாயக்கில்லாமல் நேராக அந்த இரும்பு யார்டுக்குத்தான் போக வேண்டும். அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றுகிற சத்தத்தை ஏழு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். முள் மெல்ல இறங்கி நட்டநடுவில் வந்து நின்றது. எங்கோ இன்னொரு கார் மலையேறினாலும் இறங்கினாலும் இனி இதற்கு ஒன்றுமில்லை. இது சூடானால் இதனால்தான், ஆறினால் இதனால்தான்.

சென்னிமலை ரேடியேட்டர் மூடியை மூடினார். "ஓடுதுங்க," என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது, ஆனாலும் பானெட்டை இறக்கும்போது மெதுவாகத்தான் இறக்கினார்.

மறுநாள் புதன்கிழமை காலை எட்டரைக்குச் சங்கத்தார் வந்தார்கள். முன்னால் நாச்சிமுத்து, பின்னால் நான்கு பேர், ஒரு தட்டத்தில் மஞ்சள் தடவிய இரண்டு போல்ட், ஒரு தள்ளுவண்டியில் செங்கல். வெள்ளைக் கார் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. எல் போர்டு மாட்டியிருந்தது. டிரைவர் சீட்டில் ஐம்பத்திரண்டு வயது மாணவி கிளச்சை விட்டுப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"சேர்த்துட்டீங்களா?"

"சேர்த்துட்டனுங்க மாமா."

"யாரோட?"

"அதோடதானுங்க."

நாச்சிமுத்து துண்டை ஒருமுறை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மனதுக்குள் வழக்கங்களை வரிசையாக எடுத்துப் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. வேறு வண்டியோடு சேர்த்திருந்தால் தப்பு என்று சொல்லலாம். சேர்க்காமல் ஓட்டினாலும் தப்பு. இதற்கு எந்தப் பக்கமும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சங்கத்துப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். இடது பக்கம் ஒரு வண்டி நம்பர், வலது பக்கம் ஒரு வண்டி நம்பர் என்று கோடு போட்டிருந்தது. இடது பக்கத்தில் இருந்த நம்பரையே வலது பக்கமும் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். எழுத்து சரியாகத்தான் இருந்தது.

"அப்ப இந்தச் செங்கல்லைத் திருப்பிக் கொண்டுபோறதாங்க?" என்று பின்னாலிருந்தவர் கேட்டார்.

"வேற என்ன பண்றது," என்றார் நாச்சிமுத்து.

பதினாறாம் நாளுக்கென்று எதிர்வீட்டுக்காரி ஐம்பது பேருக்கு இட்லி ஊற்றி வைத்திருந்தாள். வீணாக்க வேண்டாம் என்று எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாச்சிமுத்து இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, "ஹாரன் நல்லா அடிக்குதுங்களா?" என்று கேட்டார். வசந்தாமணி அடித்துக் காட்டினாள். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு பேரும் காரில் நெருக்கி உட்கார்ந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துக்குப் போனார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பூங்கோதை எட்டு போட்டாள், ரிவர்ஸ் எடுத்தாள், பாஸ். ஐம்பத்திரண்டு வயது மாணவி மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது ஒரு தடவை ஆஃப் பண்ணிவிட்டாள், இரண்டாவது தடவை சரியாக எடுத்தாள், அவளும் பாஸ். மற்ற மூவரும் பாஸ். கடைசியாக ஓட்டியவள் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு மற்றவர்களோடு வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டி, "அடுத்தது," என்றார்.

வசந்தாமணி, "அஞ்சு பேர்தானுங்க சார்," என்றாள்.

"ஆறு அப்ளிகேஷன் இருக்குதும்மா."

ஆறாவது விண்ணப்பத்தை அவர் எடுத்துக் காட்டினார். நீல மையில் தெளிவாக நிரப்பியிருந்தது. வயது பதினான்கு. வண்டிக்கு அது கூடுதல் வயதுதான், தடையொன்றும் இல்லை. ஒட்டியிருந்த போட்டோவில் வெள்ளைக் கார் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. தகப்பனார் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பேனாவை அந்தக் கட்டத்துக்கு மேல் கொண்டுபோனார், யோசித்தார், பிறகு பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எட்டு போடச் சொல்லுங்க," என்றார்.

கார் கிளம்பியது. உள்ளே யாரும் இல்லை. முதல் வளைவை அகலமாக எடுத்து, நடுவில் நிதானித்து, இரண்டாவது வளைவைக் கம்பத்தைத் தொடாமல் முடித்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது கொஞ்சம் அவசரப்பட்டது. மேட்டில் நின்று, ஒரு விரற்கடை கூடப் பின்னால் சரியாமல் ஏறியது. மேசைக்கு எதிரில் வந்து நின்றது.

"இடது பக்க இண்டிகேட்டரை லேட்டாப் போடுது," என்றார் இன்ஸ்பெக்டர். "மத்தபடி சரி." கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

பூங்கோதை போய் முன்னாலும் பின்னாலும் இருந்த எல் போர்டைக் கழற்றினாள். மாணவிகள் ஐந்து பேரும் திருச்செங்கோட்டில் துணி எடுக்க வேண்டுமென்று பஸ் ஏறிப் போனார்கள். வசந்தாமணி சிறிது நேரம் வேப்பமரத்தடியில் நின்றாள். கார் காத்துக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷமாக அவள் அதில் முன்பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் மாணவியின் காலிலுமாக. இன்று பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.

கார் மைதானத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டில் ஏறியது. வீடு வந்துசேர்கிற வரைக்கும் வசந்தாமணி தூங்கினாள்.